கடிதத்தில் வந்த ஸலாம்: கைப்பட எழுதும் வழக்கம் நம் வீடுகளுக்குத் திரும்புமா?



டென்மார்க் நாட்டின் அரசு அஞ்சல் நிறுவனம் 2025 டிசம்பர் 30 அன்று தன் கடைசிக் கடிதத்தைப் பட்டுவாடா செய்தது. 1624-ஆம் ஆண்டு தொடங்கிய சேவை அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததோடு ஒப்பிட்டால் அங்கே கடிதப் போக்குவரத்து 90 சதவீதம் குறைந்துவிட்டது. தெருவோரங்களில் நின்ற சிவப்புப் பெட்டிகளைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். கடிதம் அனுப்பியே தீர வேண்டும் என்பவர்கள் இனி ஒரு தனியார் நிறுவனத்தை நாட வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை. இன்றும் சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்கள் இயங்குகின்றன. ஆனாலும் 2013 ஜூலையில் தந்தி நின்றது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. நம் பக்கத்துத் தபால்காரர் இப்போதும் தினமும் வருகிறார். அவர் பையில் வங்கி அறிவிப்பு இருக்கும், ஆதார் அட்டை இருக்கும், இன்சூரன்ஸ் காகிதம் இருக்கும். ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குத் தன் கையால் எழுதிய எழுத்து மட்டும் இருக்காது.

நமது வ. புதுப்பட்டியின் பெயரிலேயே கடிதத்தின் வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் நிற்கும் அந்த 'வ' வத்திராயிருப்பைக் குறிப்பது. தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. உறையின் மேல் அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டால் கடிதம் எந்தப் புதுப்பட்டிக்கு வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். ஒரே பெயரில் பல ஊர்கள், ஊருக்கொரு மொழி என்ற இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு முறை வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் என்ற அஞ்சல் துறை அதிகாரி. அவர் ஒரு சமஸ்கிருத அறிஞரும்கூட. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து முகவரிகளில் 626 என்று தொடங்கும் எண்ணை எழுதிப் பழகிய கைகள் நம் வீடுகளில் நிறைய இருந்தன. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் எழுதியவர்களுக்கு அந்த எண் மனப்பாடம். இன்று நம் பிள்ளைகளிடம் சொந்த வீட்டின் பின்கோடைக் கேட்டுப் பாருங்கள். போனை எடுத்துத் தேடித்தான் சொல்வார்கள்.

786-உம் 'நிற்க'வும்

நம் சமுதாயத்துக் கடிதங்களுக்கென்று ஓர் அமைப்பு இருந்தது. காகிதத்தின் உச்சியில் நடுவாக 786. அதன் கீழே வலப்பக்கம் ஊரும் தேதியும். பிறகு அன்புள்ள அத்தா அவர்களுக்கு என்றோ, அன்பு மனைவிக்கு என்றோ தொடங்கி ஸலாம். அதன்பின் நலம், நலமறிய ஆவல். அடுத்து ஒரே ஒரு சொல்: நிற்க. அதற்குப் பிறகுதான் விஷயம் வரும். வீட்டுக் கூரை ஒழுகுவது, தங்கைக்கு வந்திருக்கும் சம்பந்தம், அனுப்பிய டிராஃப்ட் கிடைத்ததா என்ற விசாரிப்பு, யார் யாருக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்ற நீண்ட பட்டியல் எல்லாம். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் ஆறு மாதத்துக்கு மனத்தாங்கல்!

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த 'நிற்க' என்ற சொல்லைப் பார்த்ததும் வேறொரு சொல் நினைவுக்கு வரும். நபி (ஸல்) அவர்களின் கடிதங்களிலும் குத்பாக்களிலும் இறைப்புகழும் ஸலாமும் முடிந்து விஷயத்துக்குள் நுழையும் இடத்தில் 'அம்மா பஃது' என்று வரும். இதற்குப் பின் என்பது அதன் பொருள். முகமன் முடிந்தது, இனி விஷயம் என்று வாசிப்பவருக்குச் சொல்லும் அடையாளம் அது. தமிழ்க் கடிதத்தின் 'நிற்க' செய்த வேலையும் அதுவே. இரண்டு மொழிகள் ஒரே தேவைக்குத் தனித்தனியே கண்டுபிடித்த சொற்கள்.

786 பற்றி ஒரு வார்த்தை. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு அப்ஜத் கணக்கில் வரும் கூட்டுத்தொகை அது. கடிதம் காலில் படும், குப்பையில் விழும், அல்லாஹ்வின் திருநாமத்துக்கு மரியாதைக் குறைவு வந்துவிடும் என்ற அச்சத்தில்தான் முன்னோர் எண்ணை எழுதினார்கள். அந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் ரோமப் பேரரசர் ஹிரக்லுக்கு எழுதிய கடிதத்திலேயே பிஸ்மில்லாஹ்வை முழுமையாக எழுதச் செய்தார்கள். அந்தக் கடிதம் யார் கைக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. எனவே எண்ணைவிட எழுத்தே சிறந்தது என்பது நம் கருத்து.

முத்திரை மோதிரமும் பதினைந்து நாள் பாடமும்

ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின், ஹிஜ்ரி 6-7 ஆண்டுகளில், நபி (ஸல்) அவர்கள் அரசர்களுக்குக் கடிதங்கள் அனுப்பினார்கள். ஹிரக்லுக்கு எழுதியதை திஹ்யா அல்கல்பீ (ரலி) எடுத்துச் சென்றார்கள். பாரசீகத்துக்கு அப்துல்லாஹ் பின் ஹுதாஃபா (ரலி), எகிப்தின் முகவ்கிஸுக்கு ஹாதிப் பின் அபீபல்தஆ (ரலி), அபிசீனியாவுக்கு அம்ர் பின் உமைய்யா (ரலி) சென்றார்கள். பாரசீக மன்னன் கடிதத்தைக் கிழித்தான். ஹிரக்ல் அதைச் சபையில் வாசிக்கச் செய்து, அப்போது வணிகத்துக்காக அங்கே வந்திருந்த அபூசுஃப்யானை அழைத்து விசாரித்தார். புகாரியின் தொடக்கத்திலேயே இந்த நீண்ட ஹதீஸ் இருக்கிறது.

இதில் நாம் நின்று பார்க்க வேண்டியது நபியவர்கள் எடுத்துக்கொண்ட கவனம். முத்திரையில்லாத கடிதத்தை அந்த மன்னர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டதும் வெள்ளியில் மோதிரம் செய்யச் சொன்னார்கள். அதில் மூன்று வரிகளாக முஹம்மத், ரசூல், அல்லாஹ் என்று பொறிக்கப்பட்டது. பெறுபவரின் வழக்கத்தை அறிந்து அதற்கேற்பத் தன் கடிதத்தை அமைத்துக்கொண்ட நபி அவர்கள். அதே மோதிரம் அபூபக்ர், உமர், உஸ்மான் (ரலி) ஆகியோரின் கைகளுக்கு வந்து, உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்து தொலைந்தது. யூதர்களுக்குக் கடிதம் எழுதவும் அவர்களிடமிருந்து வருவதை வாசிக்கவும் நம்பகமான ஆள் வேண்டும் என்று ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை அவர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். அவர்கள் அரை மாதத்தில் கற்றுக்கொண்டதாகத் திர்மிதியில் வருகிறது. எழுதப் படிக்கக் கற்காத ஒரு நபி, எழுத்தின் மேல் இவ்வளவு அக்கறை காட்டினார்கள்.

இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் 'அல்அதபுல் முஃப்ரத்' என்ற ஒழுக்க நூலில் கடிதங்களுக்கென்றே சில பாடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று பெண்களுக்குக் கடிதம் எழுதுவதும் அவர்கள் பதில் எழுதுவதும் பற்றியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் வளர்ந்த அவர்களின் சகோதரி மகள் ஆயிஷா பின்த் தல்ஹா சொல்கிறார்கள்: பல ஊர்களிலிருந்தும் மக்கள் அவருக்குக் கடிதமும் அன்பளிப்பும் அனுப்புவார்கள். அதைப் பெரியம்மாவிடம் எடுத்துச் சொன்னால், பதில் எழுது, அன்பளிப்புக்கு ஈடாக நீயும் ஏதாவது கொடு, உன்னிடம் இல்லையென்றால் நான் தருகிறேன் என்பார்களாம். மதீனாவில் ஒரு வீட்டில், ஒரு பெரியம்மாளும் ஓர் இளம்பெண்ணும் உட்கார்ந்து வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, எதற்கு என்ன பதில் எழுதலாம் என்று பேசிக்கொள்ளும் காட்சி அது. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் நம் ஊர்களிலும் இருந்தது. அவர்கள் இந்தப் பாடத்தை வாசித்ததில்லை போலும்.

கடிதம் என்பது அமானிதம்

ஃபிக்ஹு நூல்களில் கடிதத்துக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. தூரத்தில் இருப்பவரிடமிருந்து வரும் எழுத்து, நேரில் இருப்பவரின் பேச்சைப் போன்றது. இதிலிருந்து பல சட்டங்கள் பிறக்கின்றன. அவற்றில் நம் குடும்பங்களுக்கு அன்றாடம் தேவைப்படுவது ஸலாத்தின் பதில். கடிதத்தில் ஸலாம் வந்தால் அது கிடைத்தவுடன் பதில் சொல்வது கடமை என்று இமாம் நவவீ (ரஹ்) 'அல்அத்கார்' நூலில் எழுதுகிறார்கள். ஹனஃபி நூல்களிலும் இதே கருத்து உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதுவதே ஸலாத்துக்குப் பதில் சொல்வது போன்ற ஒரு கடமை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. இன்று காலையில் வாட்ஸ்அப்பில் நமக்கு வந்த ஸலாம்கள் எத்தனை? பூப்படத்தோடு வந்த அவற்றில் எத்தனைக்கு நாம் வாயைத் திறந்து பதில் சொன்னோம்? எழுதியவர் நம்மை நினைத்து எழுதினாரா, நூறு பேருக்குச் சேர்த்து அனுப்பினாரா என்பதே தெரியாதபோது பதில் சொல்லும் எண்ணமும் மங்கிப் போகிறது.

இன்னொன்று அந்தரங்கம். பிறர் கடிதத்தை அனுமதியின்றிப் பார்ப்பவர் நெருப்பைப் பார்ப்பவர் போன்றவர் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று இமாம் அபூதாவூதே குறிப்பிடுகிறார்கள். எனவே அதை நபிமொழி என்று அடித்துச் சொல்லி மேடையில் முழங்கக் கூடாது. ஆனால் பிறர் குறைகளைத் துருவாதீர்கள் என்ற குர்ஆனின் கட்டளை (49:12) உறுதியாக இருக்கிறதே, அது போதும். கடிதக் காலத்தில் இந்த ஒழுக்கம் ஓரளவு தானாகவே காப்பாற்றப்பட்டது. ஒட்டிய உறையைப் பிரித்தால் தெரிந்துவிடும். ஒருவர் நமக்கு மட்டும் எழுதியதை இன்று ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதற்கு ஒரு நொடி போதும். அதனால் உடைந்த சம்பந்தங்களை ஜமாஅத்துகளில் பஞ்சாயத்துக்கு உட்காருபவர்கள் நன்கு அறிவார்கள்.

மூன்றாவது சாட்சியம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். வஸிய்யத் செய்ய ஏதேனும் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது சரியல்ல என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒருவர் இறந்தபின் பாகப்பிரிவினைக்காக நம்மை அழைக்கும் வீடுகளில் பெரும்பாலும் வரும் கேள்வி இதுதான்: மூத்தவன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு, அத்தாவுக்கு அவன் கொடுத்த அன்பளிப்பா, கடனா, அல்லது அவனுடைய சொத்தா? பழைய தலைமுறையில் இதற்கு ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் விடை கிடைக்கும். இன்ன தேதியில் இவ்வளவு அனுப்பினேன், இதைக் கல் வாங்க வைத்துக்கொள்ளுங்கள், தம்பி படிப்புக்கு இவ்வளவு என்று கடிதத்தில் இருக்கும். இன்று பணம் போன இடம் வங்கிக் கணக்கில் பதிவாகிறது. எந்த எண்ணத்தில் அனுப்பப்பட்டது என்பது போனில் பேசிக் காற்றோடு போய்விடுகிறது. அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசாமல் போன வீடுகள் உண்டு.

பெண்கள் எழுதிய அரபுத்தமிழ்

நம் கட்டுரையின் முக்கியமான பகுதி என்று இதைத்தான் நாம் கருதுகிறோம்.

எழுதத் தெரியாதவர்கள் கடிதம் எழுதுவதற்கு இன்னொருவரை நாட வேண்டியிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார், பள்ளிவாசல் ஹஜ்ரத், பக்கத்து வீட்டில் எட்டாவது படிக்கும் பையன் என்று யாராவது ஒருவர் எழுதித் தருவார். வந்த கடிதத்தைத் தபால்காரரே வாசித்துக் காட்டுவதும் உண்டு. கணவனுக்கு ஒரு மனைவி சொல்ல விரும்புவதை எட்டாவது படிக்கும் பையனிடம் எப்படிச் சொல்வாள்? எல்லோரும் சுகம், பிள்ளை நடக்கிறான், பணம் வந்தது என்பதோடு கடிதம் முடிந்துவிடும். தன் மனதைச் சொல்ல வழியில்லை.

இந்த இடத்தில்தான் அரபுத்தமிழ் வருகிறது. பள்ளிக்கூடம் போகாத பெண்களும் குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்றிருந்தார்கள். அந்த எழுத்திலேயே தமிழை எழுதினால் என்ன? அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். வலமிருந்து இடமாக ஓடும், வாசித்தால் நம் வீட்டுத் தமிழாக ஒலிக்கும். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) இந்த எழுத்தில் மார்க்க நூல்கள் எழுதினார்கள். தைக்கா ஷுஐப் ஆலிம் அவர்கள் 1993-இல் வெளிவந்த தம் ஆங்கில ஆய்வு நூலில் தமிழகத்திலும் இலங்கையிலும் இந்த எழுத்து வாழ்ந்த வரலாற்றை விரிவாகத் தொகுத்திருக்கிறார்கள். நூல்களைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். ஆனால் இந்த எழுத்து வீடுகளுக்குள் செய்த பெரிய காரியம், கணவன் கொழும்பிலோ பினாங்கிலோ இருக்க, இடையில் யாரும் இல்லாமல் ஒரு பெண் தானே எழுதித் தானே வாசிக்கும் உரிமையை அவளுக்குக் கொடுத்தது. தபால்காரரால் வாசிக்க முடியாது. எழுத்துத் தெரியாத மாமியாராலும் முடியாது!

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கை முஸ்லிம்களிடமும் இது அதிகம். மலையடிவாரத்து ஊர்க்காரர்களான நம்மிடையே அவ்வளவு இல்லை என்றாலும், பெண் கொடுத்து எடுத்த வகையில் அந்தக் கடிதங்கள் பல ஊர்ப் பெட்டிகளுக்குள் போயிருக்கக் கூடும். இப்போது நடப்பது என்ன? நன்னிமா மவுத்தாகிறார். பெட்டியைத் திறக்கிறார்கள். அரபு எழுத்தில் ஒரு கட்டுக் காகிதம். ஏதோ ஓதும் காகிதம், துஆ எழுதியது என்று எண்ணி, மரியாதையாகக் கிணற்றில் போடுகிறார்கள், அல்லது மண்ணில் புதைக்கிறார்கள். மரியாதை செய்கிறோம் என்ற நல்ல எண்ணத்திலேயே ஒரு பெண்ணின் நாற்பதாண்டுப் பேச்சைப் புதைத்துவிடுகிறோம். அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் அரபி அல்ல. எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். தமிழ் காதில் விழுந்தால் புதைக்காதீர்கள்.

மலையாளத்து மாப்பிளா முஸ்லிம்களிடையே 1977-இல் எஸ்.ஏ. ஜமீல் எழுதிய 'துபாய் கத்துப் பாட்டு' மிகப் பிரபலம். வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்த பாட்டு. அதற்குக் கணவனின் பதிலாக இன்னொரு பாட்டையும் அவர் எழுத வேண்டி வந்தது. அரபிக்கடலின் இரு கரைகளிலும் குடும்பங்கள் அதைக் கேட்டுக் கலங்கியதற்குக் காரணம், அதில் இருந்தது அவரவர் வீட்டுக் கடிதம்.

அனுப்ப முடியாத கடிதங்கள்

மவ்லானா அபுல்கலாம் ஆசாத் அவர்கள் 1942 ஆகஸ்டில் கைதாகி அகமத்நகர் கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். அங்கிருந்து தம் நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்குக் கடிதங்கள் எழுதினார்கள். அவற்றை அனுப்ப வழியில்லை. அனுப்ப முடியாது என்று தெரிந்தே எழுதினார்கள். தேநீரைப் பற்றி, அறைக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளைப் பற்றி, இறைவனைப் பற்றி, இசையைப் பற்றி. 1943 ஏப்ரலில் அவர்களின் மனைவி ஜுலைகா பேகம் கல்கத்தாவில் இறந்தார். கணவர் கடைசியாகப் பார்க்கவும் முடியவில்லை. அதைப் பற்றியும் ஒரு கடிதம் உண்டு. விடுதலைக்குப் பின் 1946-இல் இவை 'குபாரே காதிர்' என்ற நூலாக வந்தன. உருது உரைநடையின் சிகரங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. கடிதம் என்பது செய்தி சொல்லும் கருவி மட்டும் என்றால் இந்த எழுத்துக்கு விளக்கமே இல்லை. ஒரு நண்பரின் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதும்போதுதான் சில எண்ணங்கள் வெளியே வருகின்றன.

மதரஸாக்களில் வாசிக்கப்படும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அய்யுஹல் வலத்' ஒரு மாணவருக்கு எழுதிய பதில் கடிதம். இமாம் ரப்பானி (ரஹ்) அவர்களின் 'மக்தூபாத்' ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்களின் தொகுப்பு. மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் எகிப்தின் லைஸ் பின் ஸஅத் (ரஹ்) அவர்களும் கருத்து வேறுபாட்டை எவ்வளவு கண்ணியமாகக் கடிதத்தில் பேசிக்கொண்டார்கள் என்பதை, முகநூலில் ஒருவரையொருவர் வழிகேடர் என்று எழுதிக்கொள்ளும் நம் இளைஞர்கள் அவசியம் படிக்க வேண்டும். நமக்குத் தெற்கே கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி, தம் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் தனி நூலாகவே வந்திருக்கின்றன. திருநெல்வேலிச் சீமையின் வல்லிக்கண்ணன், முகம் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்கும் அஞ்சலட்டையில் எழுதி ஊக்கப்படுத்தியவர்.

கடிதக் காலம் பொற்காலம் என்று சொல்ல நாம் வரவில்லை. பிள்ளை பிறந்த செய்தி தகப்பனுக்கு மூன்று வாரம் கழித்துத் தெரிந்த காலம் அது. தாயின் ஜனாஸா முடிந்து நாற்பது நாள் ஆன பிறகு, உம்மாவின் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று விசாரித்துக் கடிதம் வரும். அதை யார் வாசித்துக் காட்டுவது? அந்த நிலையிலிருந்து அல்லாஹ் நம்மை விடுவித்திருக்கிறான், அல்ஹம்து லில்லாஹ். கோபத்தில் தலாக் எழுதி அனுப்பிய கைகளும் அதே பேனாவைத்தான் பிடித்தன. எழுத்தும் பேச்சைப் போன்றது என்ற சட்டத்தின் பாரத்தை அந்தப் பெண்கள் சுமந்தார்கள். இன்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை, வாய்மொழியானாலும் எழுத்தானாலும் மின்னணு வடிவானாலும் செல்லாது என்கிறது. சட்டம் வரும்வரை காத்திருந்தோமே என்பதில் நமக்கு வெட்கம் உண்டு.

இனி என்ன செய்யலாம்

வீடியோ காலைக் கைவிடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். அத்தாவின் முகத்தைப் பிள்ளை தினமும் பார்க்கட்டும். அதோடு மாதத்துக்கு ஒரு கடிதம் என்று வைத்துக்கொண்டால் போதும். ரமளானில் ஒன்று, இரு பெருநாள்களுக்கு ஒவ்வொன்று என்றுகூடத் தொடங்கலாம். ஐந்து வயதுப் பிள்ளை எழுதும் கடிதத்தில் நான்கு வார்த்தையும் ஒரு படமும்தான் இருக்கும். எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். துபாயில் லேபர் கேம்ப் கட்டிலின் மேல் அந்தக் காகிதத்தை ஒட்டிவைத்துக்கொள்ளும் தகப்பனுக்கு அந்தப் பிழைதான் வேண்டும்.

கைப்பட எழுதுவது கல்விக்கும் உதவுகிறது. நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 36 மாணவர்களின் மூளை இயக்கத்தைப் பதிவு செய்தார்கள். விசைப்பலகையில் தட்டியபோது இருந்ததைவிட, பேனாவால் எழுதியபோது மூளையின் பல பகுதிகளுக்கிடையே தொடர்பு அதிகமாக இருந்தது. அது சிறிய ஆய்வுதான். அந்த மாணவர்கள் எழுதியதும் காகிதத்தில் அல்ல, தொடுதிரையில் டிஜிட்டல் பேனாவால். ஆனாலும் மரப்பலகையில் எழுதி, கழுவி, மறுபடியும் எழுதி மனனம் செய்த பழைய மக்தப் முறையை அறிந்தவர்களுக்கு அந்த முடிவு வியப்பாக இராது.

மக்தப் நடத்தும் உஸ்தாதுகளும் ஆலிமாக்களும் இதை எளிதாகத் தொடங்கலாம். சுலைமான் (அலை) அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு எழுதிய கடிதத்தை நம்ல் அத்தியாயத்தில் ஓதிக்கொடுக்கும் நாளே அதற்குப் பொருத்தம். பறவை கொண்டு வந்து போட்ட அந்தக் கடிதத்தை அரசி கண்ணியமான கடிதம் என்றே தன் சபையில் அறிமுகப்படுத்துகிறாள் (27:29). பாடம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இன்லேண்ட் கொடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு எழுதச் சொல்லலாம். முகவரியையும் பின்கோடையும் அவர்களே கேட்டுத் தெரிந்து எழுதட்டும், அவர்கள் கையாலேயே பெட்டியில் போடட்டும்.

போட்டிகளும் இருக்கின்றன. அஞ்சல் துறை 2017 முதல் 'தாயி ஆக்கர்' என்ற பெயரில் கடிதப் போட்டி நடத்தி வருகிறது. இந்தியில் இரண்டரை எழுத்து என்பது அதன் பொருள், கபீர் தாசரின் வாக்கிலிருந்து எடுத்த பெயர். பதினெட்டு வயது வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு. கைப்பட எழுத வேண்டும், தமிழிலும் எழுதலாம். இன்லேண்ட் என்றால் 500 சொற்கள், உறையிலிட்டது என்றால் 1000 சொற்கள் வரை. அகில இந்திய அளவில் முதல் பரிசு 50,000 ரூபாய் வழங்கியிருக்கிறார்கள். தலைப்பும் கடைசித் தேதியும் ஆண்டுதோறும் மாறும் என்பதால் அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உலக அஞ்சல் ஒன்றியமும் 1971 முதல் 9 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு உலக அளவில் ஒரு போட்டி நடத்துகிறது. நம் சமுதாயப் பள்ளிகள் இவற்றில் ஏன் ஆர்வம் காட்டுவதில்லை என்று நமக்குப் புரிவதில்லை.

கடைசியாகப் பழைய கடிதங்கள். கம்பியில் குத்தி வைத்திருந்தால் முதலில் கம்பியிலிருந்து எடுத்துவிடுங்கள், துரு காகிதத்தைத் தின்றுவிடும். குண்டூசி, ரப்பர் பேண்ட், ஒட்டும் டேப் எதுவும் வேண்டாம். லேமினேஷன் செய்யவே கூடாது. இன்லேண்டுகள் மடிப்பில்தான் முதலில் கிழியும், எனவே மடிக்காமல் விரித்து, சுத்தமான வெள்ளைக் காகிதங்களுக்கு இடையில் வைத்து, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார், எந்த ஆண்டு என்பதைத் தனிக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். கணவன் மனைவிக்கு இடையிலான கடிதங்கள் என்றால், அவர்களில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அவர் அனுமதியின்றி வாசிக்க வேண்டாம். அரபுத்தமிழில் இருந்தால், அதை வாசிக்கத் தெரிந்த எழுபது, எண்பது வயதுப் பெண்மணிகள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இன்னும் சிலர் இருப்பார்கள். வருகிற விடுமுறையில் அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும்போது கட்டோடு எடுத்துப் போய், அவர்கள் வாசிக்க வாசிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.